பல்ப் உபயம் சரி... எர்த் உபயம் யாரு?

கோயிலுக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போனா ஒரு தடவை அண்ணாந்து ட்யூப்லைட்டைப் பாருங்க. பாதி வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு "உபயம்: இன்னார் குடும்பத்தார்"னு சிவப்பு பெயிண்ட்ல எழுதியிருக்கும். இந்தப் பதிவு அதைக் கிண்டல் பண்ண இல்லை. (சரி, கொஞ்சம் கிண்டல்தான்.) பழைய பொதுக் கட்டடங்களை எல்இடிக்கு மாத்தும்போது காசு தப்பான இடத்துக்குப் போகுதுங்கறதுதான் என் கட்சி.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அம்மா ஊரு கொடைக்கானல் மேல்மலையில, பூம்பாறை தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பழைய சமுதாயக் கூடம். கல்யாணம், காதுகுத்து, பூண்டு விலை பேசற கூட்டம், சாயங்காலம் பசங்க படிக்கற இடம் எல்லாம் அதுதான். போன வருஷம் ஊர்ல காசு வசூலிச்சு அதைப் புதுப்பிச்சாங்க. ஓடு மாத்தியாச்சு, சுண்ணாம்பு அடிச்சாச்சு. லைட் மேட்டர் வந்ததும் மாமா, "நம்ம தம்பி இன்ஜினியர்தானே, அவன் பார்த்துக்குவான்"னு சொல்லிட்டார். நான் ஆணி புடுங்கறது சாஃப்ட்வேர் கம்பெனியில. ஃப்யூஸ் போட்டதுகூட கிடையாது. ஊர்ல இதையெல்லாம் யாரு கேக்கறா?

நானும் விடலை. எக்செல் ஷீட்டோட இறங்கினேன். பழைய ட்யூப்லைட் 16. ஒண்ணு 40 வாட், சோக் தின்னறதையும் சேர்த்தா சுமாரா 50. ஆக மொத்தம் 800 வாட். புதுசு 20 வாட் எல்இடி, 16-க்கு 320 வாட். "லோடு பாதிக்கும் கீழ குறையுது, அதனால பழைய ஒயரிங்கே போதும், அந்தக் காசுல இன்னும் நாலு லைட் போடலாம்"னு தீர்ப்பு சொன்னேன். கமிட்டியில எல்லாருக்கும் சந்தோஷம். உபயம் எழுத இன்னும் நாலு லைட் கிடைச்சுதே!

முதல்கட்டமா வராண்டாவுலயும் சமையல்கட்டுலயும் 9 வாட் பல்ப் மாட்டினோம். அன்னிக்கு ராத்திரி சுவிட்சை ஆஃப் பண்ணினப்புறமும் பல்ப் அணையலை. மினுக்மினுக்னு மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருக்கு. வெளியில மூடுபனி வேற. ஊர்ல பேய்க்கதை கிளம்ப வேற என்ன வேணும்?

மறுநாள் கொடைக்கானல்லேர்ந்து எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். டெஸ்டரை எடுத்து, சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு ஹோல்டர்ல வெச்சார். டெஸ்டர் எரியுது. "தம்பி, பேயும் இல்ல பிசாசும் இல்ல. உங்க சுவிட்ச் எல்லாம் நியூட்ரலைத்தான் கட் பண்ணுது. பேஸ் எப்பவும் ஹோல்டர்லயே உக்காந்திருக்கு."

எந்தக் காலத்துலயோ யாரோ பேஸையும் நியூட்ரலையும் மாத்திக் கொடுத்திருக்காங்க. பழைய குண்டு பல்ப் இதைக் காட்டிக் கொடுக்காது, அது எரிய முழுசா கரண்ட் வேணும். எல்இடிக்குத் துளியூண்டு போதும். ஒயருக்கும் ஈரச் சுவருக்கும் நடுவுல கசியற அந்தத் துளி, டிரைவர்ல இருக்கற கெப்பாசிட்டர்ல சேர்ந்து சேர்ந்து பல்பை மினுக்க வைக்குது. (உங்க வீட்லயும் இப்படி எரிஞ்சா உடனே பயந்துடாதீங்க. சுவிட்ச்ல இருக்கற இண்டிகேட்டர் விளக்கும் காரணமா இருக்கலாம், மாடிப்படி டூ-வே சுவிட்சோட நீள ஒயரும் காரணமா இருக்கலாம். ஆனா ஒரு தடவை டெஸ்டர் வெச்சுப் பார்த்துடுங்க.)

அப்பதான் மாமா சாவகாசமா ஒண்ணு சொன்னார். "பல்ப் மாத்தும்போது எப்பவும் சுர்ருனு இழுக்கும்ப்பா. மழைக்காலம், ஈரச் சுவருன்னு நினைச்சோம்."

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. சுவிட்சை ஆஃப் பண்ணிட்டோம்ங்கற தைரியத்துல எத்தனை பேர் அந்த ஹோல்டர்ல கை வெச்சிருப்பாங்க. அதே சுவரோரமாத்தான் பசங்க உக்காந்து படிக்கறாங்க. நானோ லோடு குறையுது, ஒயரிங் போதும்னு ஷீட்ல பச்சைக் கலர் அடிச்சு வெச்சிருந்தேன்.

நான் எங்கே கோட்டை விட்டேன்னா, ஒயர் எவ்வளவு கரண்ட் தாங்கும்னு மட்டும்தான் பார்த்தேன். அது மேல இருக்கற உறை என்ன கதியில இருக்குன்னு பார்க்கலை. அண்ணன் மெக்கர் வெச்சு 500 வோல்ட்ல இன்சுலேஷன் டெஸ்ட் பண்ணினார். குறைஞ்சது 1 மெகாஓமாவது காட்டணும். ரெண்டு லைன்ல முள் எழுந்திரிக்கவே இல்லை. மரப் பட்டியில ஓடின பழைய ஒயர், எலி கடிச்ச இடத்துல டேப். எர்த் ஒயர் பாதியில காணோம். அதுவும் இல்லாம சமுதாயக் கூடத்துல லோடே லைட் கிடையாது. கல்யாணத்தன்னிக்கு வர்ற கிரைண்டர், மைக் செட், குளிருக்கு யாராவது சொருகற ஹீட்டர், இதுங்கதான் லோடு.

இப்ப எல்இடி பக்கம் வருவோம். சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய விஷயம்தான். நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014-ல இயற்பியல் நோபல் கொடுத்தாங்க. அந்த நீலத்து மேல மஞ்சள் பாஸ்பர் பூசினாத்தான் நாம பார்க்கற வெள்ளை. 2015-ல மத்திய அரசு ஆரம்பிச்ச உஜாலா திட்டத்துல மொத்தக் கொள்முதல் பண்ணிப் பண்ணியே, 2014-ல 310 ரூபாயா இருந்த பல்ப் கொள்முதல் விலை 2016-ல 38 ரூபாய்க்கு இறங்குச்சு. மலைக்கு இது இன்னும் பொருத்தம். டிசம்பர் குளிர்ல நம்ம ட்யூப்லைட் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எந்திரிக்கும். எல்இடிக்கு எதிரி சூடுதான், குளிர் அதுக்கு சொகுசு.

ஆனா கரண்ட் பில் கதையைப் பெருசா நம்பாதீங்க. வருஷத்துக்கு 100 நாள், நாளைக்கு 5 மணி நேரம்னு வெச்சாலும் எங்களுக்கு மிச்சம் 240 யூனிட்தான். நல்ல விஷயம்தான், ஆனா அதுக்காக ஒரு உயிரைப் பணயம் வைக்க முடியாது.

அதனால ஷீட்டைத் தலைகீழா மாத்தினேன். முதல் செலவு புது ஒயரிங். லைட்டுக்குத் தனி லைன், பிளக் பாயிண்ட்டுக்குத் தனி லைன், ஒவ்வொண்ணுக்கும் எம்சிபி. லைட்டையும் ரெண்டு லைனாப் பிரிச்சாச்சு. ஒண்ணு போனாலும் கூடம் முழுசா இருட்டாகாது. எல்லாத்துக்கும் மேல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எங்க ஊர் பாறை. கடப்பாரை போட்டா தீப்பொறிதான் வரும், எர்த் ஆழமா இறங்காது. அந்த மாதிரி இடத்துல எர்த்தை மட்டும் நம்பினா ஃபால்ட் வந்தாலும் ஃப்யூஸ் போகாது, ஆர்சிசிபிதான் காப்பாத்தும். அதுக்காக எர்த்தை விடலை. மண் இருக்கற மூலையாப் பார்த்துக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுப் பைப் இறக்கினோம். இடி மின்னலுக்காக மெயின் போர்டுல ஒரு சர்ஜ் புரொடக்டர்.

மிச்சக் காசுலதான் லைட். 16 வேணாம், 12 போதும்னு ஆச்சு. கலர்ல ஒரு குருக்ஷேத்திரமே நடந்துச்சு. பெருசுங்களுக்கு 6500 கெல்வின், அதாவது பளீர் வெள்ளைதான் கெத்து. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு"ன்னு அத்தை ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. கூடத்துக்குள்ள 4000, பந்தி நடக்கற இடத்துலயும் வராண்டாவுலயும் 3000. சிஆர்ஐ 80-க்குக் குறையாம பார்த்து வாங்கினோம். இல்லைன்னா பட்டுப்புடவை ஒரு கலர்ல தெரியும், சாம்பார் இன்னொரு கலர்ல தெரியும். வெளி லைட் ஐபி 65, மூடி போட்டுக் கீழ்ப்பக்கம் மட்டும் விழற மாதிரி. மூடுபனியில மேல போற வெளிச்சம் பூரா கண்ணுக்குத்தான் திரும்பி வரும்.

இதுல கஷ்டமான வேலை வசூல்தான். லைட்டுக்குக் காசு கொடுக்க வரிசையில நின்னவங்க, எர்த் குழின்னதும் வானத்தைப் பார்த்தாங்க. தப்பு சொல்ல முடியாது. சுவத்துக்குள்ள ஓடற ஒயர்ல யாரு பேரை எழுதறது? நம்ம பொதுக் கட்டடம் பலதும் இந்தக் கணக்குலதான் நிக்குது. கண்ணுக்குத் தெரியறதுக்கு நாலு உபயதாரர், உயிரைக் காப்பாத்தறதுக்கு ஒருத்தரும் இல்லை. மொத பட்ஜெட் போட்ட நானும் அந்த நாலு பேர்ல ஒருத்தன்தான்.

கடைசியில மாமாதான் எர்த் செலவை ஏத்துக்கிட்டார். "இத்தனை வருஷம் சுர்ருனு வாங்கினவன் நான்தானே"ன்னார். குழிக்குப் போட்ட சிமெண்ட் மூடி காயறதுக்குள்ள அவர் பேரையும் "உபயம்"னும் குச்சியால நானே எழுதி வெச்சேன். வெளிச்சத்தை மறைக்காத உபயம் அது ஒண்ணுதான்.

டிஸ்கி: உங்க ஊர்க் கோயில், மண்டபம், படிப்பகம் எதையாவது எல்இடிக்கு மாத்தப் போறீங்களா? பல்ப் வாங்கறதுக்கு முன்னாடி லைசென்ஸ் இருக்கற ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்து மெக்கர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. என்னை மாதிரி எக்செல் இன்ஜினியரைக் கூப்பிடாதீங்க.