மேகஸின் ஸ்டாண்டும் நம்ம வறட்டு கவுரவமும்

போன வாரம் வீட்டுல ஒரு மேகஸின் ஸ்டாண்ட் செஞ்சேன். மரத்துல. நானே. டீப்பாய் மேல சரிஞ்சு கிடந்த பழைய பத்திரிகைகளை அடுக்கி, கூடத்துல வெச்சேன். பார்க்க வந்த சொந்தக்காரர் கேட்ட முதல் கேள்வி:

"ஏன் தம்பி, ஆள் கிடைக்கலையா?"

நல்லா இருக்குன்னோ நல்லா இல்லைன்னோ சொல்லியிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது. படிச்சு, கை நிறைய சம்பாதிக்கிறவன் ரம்பத்தைத் தொட்டிருக்கான்னா அவனுக்கு ஏதோ கஷ்டம்னு நினைக்கிற மனசு இருக்கே, எனக்கு அதோடதான் சண்டை.

மொதல்ல என் வண்டவாளத்தைச் சொல்லிடறேன். நான் எஞ்சினியரு. முதல் வருஷம் வொர்க்‌ஷாப்புல கார்பென்ட்ரி உண்டு. ஹாஃப் லேப் ஜாயிண்ட், அதாவது ரெண்டு கட்டையையும் பாதி பாதி செதுக்கி ஒண்ணுல ஒண்ணைப் பொருத்தணும். நான் செதுக்கல. சீனியர் ஒருத்தர் வெச்சிருந்ததை வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, என்னோடதுன்னு கொடுத்தேன். ரெக்கார்ட் நோட்டுல இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாத்தையும் அழகா வரைஞ்சு மார்க்கும் வாங்கிட்டேன். அந்த லட்சணத்துலதான் இப்ப ரம்பத்தை எடுத்தேன்.

ஸ்டாண்ட் ரொம்ப சிம்பிள். 9 மி.மீ. ப்ளைவுட், ரெண்டடிக்கு ஒன்றரையடி துண்டு ஒண்ணு போதும். மரக்கடையில வெட்டி மீந்ததுலயே கிடைக்கும். பின்பக்கம் 30 செ.மீ. உயரம், முன்பக்கம் 12, ஆழம் 25, உள் அகலம் 10. ரெண்டு பக்கப் பலகை, அடி, முதுகு, முன்பக்கம், ஆக மொத்தம் அஞ்சே துண்டு.

பக்கப் பலகை ரெண்டையும் நான் தனித்தனியா வரைஞ்சுட்டு இருந்தேன். எங்க வீட்டு மரவேலைக்கு வர்ற அண்ணன் மரக்கடை வாசல்ல நின்னு அதைப் பார்த்துட்டுச் சிரிச்சாரு. "42-க்கு 25-ன்னு ஒரே சதுரமா எடுங்க சார். ஒரு ஓரத்துல மேலயிருந்து 30-ல குறி, எதிர் ஓரத்துல 12-ல குறி. ரெண்டையும் சேர்த்து ஒரே அறுப்பு. ரெண்டு பக்கமும் வந்துரும்." போட்டுப் பார்த்தேன், அச்சு அசலா ரெண்டும் ஒரே அளவு. செமஸ்டர் செமஸ்டரா கணக்குப் படிச்சவனுக்கு இது தோணல.

அடுத்த அசடு. முதுகை 30-க்கும் முன்பக்கத்தை 12-க்கும் அறுத்துட்டேன். அது ரெண்டும் அடிப்பலகை மேல உட்காரும், அதோட 9 மி.மீ. கனத்தைக் கழிக்கணும்னு நினைப்பே வரல. ஒட்டினப்புறம் ரெண்டும் பக்கத்தை விட மேல துருத்திக்கிட்டு நின்னுச்சு. பிரிச்சு, 29.1-க்கும் 11.1-க்கும் மறுபடி அறுத்தேன். ஆணி அடிச்சா ஓரம் பிளந்துச்சு. அதுக்கும் அண்ணன்தான் வழி சொன்னாரு: ஆணி முனையை சுத்தியலால லேசா தட்டி மழுக்கிட்டு அடிக்கணுமாம். கூர் முனை நாரை விலக்கிப் பிளக்கும், மழுங்கின முனை நாரை நசுக்கிட்டு இறங்கும். ஃபெவிகால் தடவி, கயிறு போட்டு இறுக்கி, ஒரு ராத்திரி விட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா காலி.

இப்ப எதிர்க்கேள்வி வரும், தெரியும். "உன் ஒரு நாள் சம்பளத்துக்கு நாலு ஸ்டாண்ட் வாங்கலாமே?" வாங்கலாம். கடையில விக்கிறதுல பாதி மரத்தூளைப் பசையில குழைச்சு அழுத்தின பார்ட்டிகிள் போர்டு, வீடு துடைக்கிற தண்ணி பட்டுப் பட்டு உப்பிடும். அது கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கும்போதும் சீரியல் பார்க்கும்போதும் யாரும் சம்பளக் கணக்குப் போடறதில்லையே? கையில ரம்பம் ஏறினா மட்டும் ஏன் கால்குலேட்டர் வெளிய வருது? வேற ஒண்ணை மறைக்கத்தான்.

அந்த வேற ஒண்ணு சாதி. 1953-ல ராஜாஜி ஆரம்பக் கல்வித் திட்டம் ஒண்ணு கொண்டு வந்தாரு. பள்ளிக்கூட நேரத்தைக் குறைச்சு, மீதி நேரத்துல பிள்ளைங்க அப்பன் தொழிலைக் கத்துக்கட்டும்னாங்க. குலக்கல்வின்னு பேர் வாங்கி, பெரிய எதிர்ப்பு கிளம்பி, 1954-ல அவர் பதவி விலக, காமராஜர் வந்து அதைக் கைவிட்டாரு. நூத்துக்கு நூறு சரியான முடிவு. தச்சர் பிள்ளை தச்சனாத்தான் ஆகணும்னு எழுதி வைக்க எவனுக்கும் உரிமை கிடையாது.

ஆனா அதுக்கப்புறம் நாம என்ன பண்ணினோம்? உளியைப் பிறப்போட கட்டி வெச்சதுதான் தப்பு. கட்டை அவிழ்த்து எல்லார் கையிலயும் உளியும் பேனாவும் கொடுத்திருக்கணும். நாம பேனா பிடிக்கிறது மேல, உளி பிடிக்கிறது கீழன்னு அப்படியே வெச்சுக்கிட்டோம். ஆயுத பூஜை அன்னைக்கு மட்டும் சுத்தியலுக்குப் பொட்டு. மறுநாள் அதைத் தூக்க ஆள் கூப்பிடறோம்.

எங்க வீட்டுலயே சொல்றேன். பேங்க் மேனேஜர் வந்தா "வாங்க சார்". அந்த அண்ணனுக்கு அப்பாவை விட ரெண்டு வயசு கூட, ஆனா அவர் வந்தா "வாப்பா ஆசாரி". போன வருஷம் சமையலறை ஷெல்ஃப் போட்டப்ப அவர் கேட்ட கூலியில 200 ரூபா குறைச்சோம். "ரெண்டு பலகை அடிக்க இவ்வளவா?"ன்னு கேட்டது அப்பா இல்ல, நான்தான்.

இப்ப ரெண்டு பலகை அடிச்சுப் பார்த்துட்டேன். அந்த ஷெல்ஃப்ல எங்கயும் ஒரு மி.மீ. இடைவெளி கிடையாது. என் ஸ்டாண்ட் ஒரு பக்கம் லேசா ஆடுது, அடியில அட்டை மடிச்சு வெச்சிருக்கேன்.

"நீயே செஞ்சுட்டா அவர் பொழப்பு என்னாகும்?"னு கரிசனப்படறவங்களுக்கு: மேகஸின் ஸ்டாண்டுக்கு அவரை யாரும் கூப்பிடறதில்லை. அவர் பொழப்பைக் கெடுக்கிறது என் ஸ்டாண்ட் இல்ல, நாம அடிக்கிற பேரம். நேத்து கதவு நிலை சரி பண்ண வந்தாரு. கேட்டதைக் கொடுத்தேன். ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பரவால்ல சார், அறுப்பு நேரா வந்திருக்கு"ன்னாரு. வாங்கின மார்க்குலயே நேர்மையா வாங்கினது இது ஒண்ணுதான்.

டிஸ்கி: திட்ட வர்றவங்க தாராளமா வாங்க. வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு பலகையை நேரா அறுத்துட்டு வாங்க.