வெளியே பளபளப்பு... உள்ளே துரு! பழைய காருக்கு ஒரு மெழுகுக் கவசம்

ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போது ஒரு சின்னச் சோதனை. கதவைத் திறந்து அதன் அடி விளிம்பைக் குனிந்து பாருங்கள். இரண்டு, மூன்று சிறிய ஓட்டைகள் தெரியும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வடிவதற்கான வழி அது. அதில் புழுதி அடைத்திருந்தால், கதவுக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். துரு அங்கேதான் பிறக்கிறது.

கோவளம் முதல் கல்பாக்கம் வரை ஈ.சி.ஆர். ஓரம் கார் நிறுத்துபவர்களுக்கு இந்தச் சோதனை ரொம்ப முக்கியம். கடற்காற்றில் வரும் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினாலே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். உப்புச் சாடி மழைக்காலத்தில் கட்டியாகிறதே, அதே கதைதான். அதனால் மழையே இல்லாத இரவிலும் தகடு நனைகிறது.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்புக்காற்று அரிக்கிறது. தொல்லியல் துறை அதன்மேல் காகிதக் கூழ் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கல்லுக்கே அப்படியென்றால், ஒரு மில்லிமீட்டர்கூட தடிமன் இல்லாத கார் தகடு எம்மாத்திரம்? கடலிலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளியிருக்கும் செங்கல்பட்டில் உப்பு குறைவு. ஆனால், வடகிழக்குப் பருவமழை அங்கேயும்தான் கொட்டுகிறது.

கண்ணுக்குத் தெரியாத இடங்கள்

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு, கதவின் உட்புறம், டிக்கி மூடியின் மடிப்பு, பின் சக்கர வளைவு, பில்லர்களின் அடிப்பகுதி. இவையெல்லாம் உள்ளே வெற்றிடமாக இருக்கும் பெட்டிகள். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் இங்கே மெலிசாகத்தான் இருக்கும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது உள்ளே தகடு பாதி கரைந்திருக்கும். இந்தப் பெட்டிகள்தான் விபத்தில் இடியின் வேகத்தைத் தாங்குபவை. எனவே இது அழகுப் பிரச்னை அல்ல, உள்ளே உட்காரும் குடும்பத்தின் பாதுகாப்பு.

'அடியில் ரப்பர் கோட்டிங் அடித்திருக்கிறேனே' என்பீர்கள். அது கல் தெறிப்பதைத் தடுக்கும். பெட்டிக்குள் போகாது. துருவின் மேலேயே அடித்தால், ஈரத்தையும் சேர்த்து மூடிவிடும். பழைய இன்ஜின் ஆயில் அடிப்பதும் வேண்டாம். ரப்பர் பீடிங் உப்பிக் கெடும், ஒழுகி மண்ணும் பாழாகும்.

என்ன செய்ய வேண்டும்?

இதற்கென்றே 'கேவிட்டி வாக்ஸ்' என்ற மெழுகு ஸ்ப்ரே இருக்கிறது. நீளமான மெல்லிய குழாயோடு வரும். வரிசை முக்கியம்:

1. வடிகால் ஓட்டைகளை மூங்கில் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவர் பெயின்ட்டைக் கீறும்.

2. நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவி, ரன்னிங் போர்டின் ரப்பர் மூடிகளைக் கழற்றி, இரண்டு நாள் வெயிலில் காய விடுங்கள். ஈரத்தின் மேல் மெழுகு பிடிக்காது.

3. குழாயைக் கடைசி வரை நுழைத்து, அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்கச் சொல்லுங்கள். கதவுக்கு டோர் பேடைக் கழற்ற வேண்டும்.

4. வடிகால் ஓட்டை வழியாக மெழுகு சொட்டினால், அது அடிவரை போய்ச் சேர்ந்துவிட்டது. சொட்டி முடிந்ததும் ஓட்டை அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடிகளை மாட்டுங்கள்.

கவனம்: சீட் பெல்ட் சுருளும் பகுதி, ஏர்பேக், பிரேக், சைலன்சர் மேல் மெழுகு படக் கூடாது. மெழுகு தீப்பிடிக்கும். திறந்த வெளியில் அடியுங்கள். பின்னால் டிங்கரிங்கில் வெல்டிங் வைப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தால், பட்டி வைத்து மூடுவது ஏமாற்று வேலை. கெட்ட தகட்டை வெட்டி, புதுத் தகடு வெல்டிங் வைத்து, அதன் பிறகுதான் மெழுகு.

சொந்த உபயோகக் காருக்கு 15 வருடத்தில் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். மறைமலை நகரில் தயாராகி 2010-ல் அறிமுகமான ஃபோர்டு ஃபிகோவின் முதல் வண்டிகளுக்கு அந்த வயது வந்துவிட்டது. அங்கே கார் உற்பத்தி 2022-ல் நின்றுபோனது. ஃபிகோவைப் புதிதாக வாங்கவும் முடியாது. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யலாம். கரைந்த பாடியை அப்படி மீட்க முடியாது.

மெழுகு அடிக்க ஏப்ரல், மே வெயில்தான் சிறந்த காலம். அதைத் தவறவிட்டால், அக்டோபர் மழைக்கு முன் கிடைக்கும் நல்ல வெயில் நாளை விடாதீர்கள். வடிகால் ஓட்டைகளைக் குத்திவிட மட்டும் காலம் பார்க்க வேண்டாம். பத்து நிமிட வேலை, பைசா செலவில்லை, இந்த ஞாயிறே செய்துவிடுங்கள்.