விளம்பரத்துக்கு ஒரு தாழ்ப்பாள்

விளம்பரம் நம் தலைமுறைக்குப் புதிதல்ல. இலங்கை வானொலியில் பாட்டுக்கு நடுவே கேட்டோம். சினிமாக் கொட்டகையில் இடைவேளையில் ஸ்லைடு போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடைக் காலண்டர் வருஷம் முழுக்க ஆலங்குளத்து வீட்டுச் சுவர்களில் தொங்கியது. யாரும் கோபப்படவில்லை. அந்த விளம்பரத்தை நாம் பார்த்தோம். அது நம்மைப் பார்க்கவில்லை.

இணைய விளம்பரம் நம்மைப் பார்க்கிறது. மூட்டுவலிக்கு மருந்து தேடினால், மறுநாள் செய்தி படிக்கும் இடத்திலும் மூட்டுவலித் தைலம் வந்து நிற்கிறது. நம் தேடலைக் குறித்துவைத்து விற்கும் வியாபாரம் இது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வங்கியின் சேவை எண்ணை கூகுளில் தேடினால், மேலே முதலில் வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். அதில் மோசடிக்காரர்களும் வங்கியின் பெயரிலேயே நுழைகிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதைச் சொல்லி எச்சரித்து, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு யோசனை சொன்னது. ஓய்வூதியத்தை வங்கியில் வைத்திருக்கும் நமக்கும் அது பொருந்தும்.

தடுப்பான் என்பது பிரவுசரோடு சேர்க்கும் ஒரு சிறு நிரல். 'யூபிளாக் ஆரிஜின்' இலவசம். அதை எழுதியவர் நன்கொடைகூட வாங்குவதில்லை. ஃபயர்பாக்ஸில் கணினி, ஆண்ட்ராய்டு போன் இரண்டிலும் வேலை செய்யும். கூகுள் விதியை மாற்றிவிட்டதால், கணினியில் குரோம் வைத்திருப்பவர்கள் அதன் 'லைட்' வடிவத்தைத்தான் போட முடியும். போனில் உள்ள குரோமில் எதையும் சேர்க்க வழியில்லை. விளம்பரத்தில் வாழும் நிறுவனம் வேறு எப்படி இருக்கும்?

"அப்படியானால் பத்திரிகை நடத்துபவன் எப்படிப் பிழைப்பான்?" நியாயமான கேள்வி. ஜெர்மனியில் ஒரு பெரிய பத்திரிகை நிறுவனம் இதே கேள்வியோடு வழக்குப் போட்டது. தடுப்பது சட்டவிரோதமல்ல என்று 2018-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் இருக்கட்டும், தர்மம் என்ன? நான் தினமும் படிக்கும், தொல்லை தராத தளங்களுக்குத் தடுப்பானை நிறுத்திவைக்கிறேன். சந்தா இருந்தால் கட்டுகிறேன். தாழ்ப்பாள் போடுவது எல்லோரையும் விரட்ட அல்ல, யாரை உள்ளே விடுவது என்று நாம் முடிவு செய்ய.

ஒன்றை மறக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கையும் போனில் பேசும் ஏமாற்றுக்காரனையும் தடுப்பான் தடுக்காது. வங்கி எண்ணை ஏ.டி.எம். அட்டையின் பின்புறம் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள்.

பொங்கலுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, ஐந்து நிமிடம் உட்காரவைத்து இதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.