பாதுகாப்பு அமைச்சகம் பிறந்த கதை

சென்ற மார்கழியில் ஓரிரவு நாம் சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னே அமர்ந்திருந்தபோது, இராணுவச் சிப்பாய் ஒருவர் தம் பிரயாண வாரண்டை நீட்டினார். வேலூர்ப் பக்கத்து இளைஞர். தாயார் கவலைக்கிடமாக இருப்பதாகச் செய்தி வந்து, அவசர விடுப்பிற் புறப்பட்டவர். வாரண்டு யாதென்று அறியாத நேயர்களுக்காக ஒரு சொல்: சிப்பாய்க்கு உரிய பிரயாணங்களில் அவர் காசு கொடுப்பதில்லை. அவருடைய அதிகாரி ஒப்பமிட்ட அச்சுத் தாளைக் கொடுத்தால் நாம் சீட்டுக் கொடுப்போம். கட்டணத்தை ரெயில்வே பின்னர்ப் பாதுகாப்புக் கணக்கு இலாகாவினிடம் பெற்றுக்கொள்ளும். இவ்வேலையிற் பெரும்பகுதி இப்போது கணினி வழியே நடந்துவிடுகிறது. எனினும் தாள் முற்றும் ஒழிந்துவிடவில்லை. அன்று வந்த தாளில் முத்திரை இருந்தது, கையெழுத்து இல்லை.

“தம்பி, இது செல்லாதே” என்றோம்.

தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது; சொன்னதன் பொருள் விளங்கியதும் வாடிற்று. “அவசரத்தில் கொடுத்துவிட்டார்கள் அண்ணே. இந்நேரத்தில் யாரிடம் போய் வாங்குவேன்? கையெழுத்துப் போடவேண்டியவர் யார் என்பதே எனக்குத் தெரியாதே” என்றார்.

விதிப்படி நாம் செய்தது சரிதான். அவர் பையிலிருந்த பணத்தை எண்ணிப் பார்த்துப் பொதுப் பெட்டிக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். தாயாரை உயிருடன் கண்டாரோ இல்லையோ, நாமறியோம். அவர் கேட்டது மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. அந்நினைவோடு நம் நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றைப் புரட்டியபோது, கையெழுத்துப் போடவேண்டியவர் யார் என்ற அதே கேள்வி அங்கே ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஒலித்துக்கொண்டிருப்பதைக் கண்டோம். ஆகவே இம்மாதம் அக்கதை.

அமைச்சகத்தின் வித்து விழுந்த இடம் டில்லியன்று, கல்கத்தா. 1776-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே இராணுவ இலாகா ஒன்றை ஏற்படுத்தினர். போர் நடத்துவது அதன் வேலையன்று. கம்பெனியின் பல இலாகாக்களும் படை சம்பந்தமாகப் பிறப்பித்த உத்தரவுகளைப் பிரித்தெடுத்துப் பதிவு செய்வதும், படையினரின் பெயர்ப் பட்டியலை வைத்திருப்பதுமே வேலை. குமாஸ்தா வேலை என்று சொல்லிவிடலாம். நமக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின் பின் அதற்கெனத் தனிச் செயலாளர் வந்தார். வங்காளம், பம்பாய், சென்னை என்று தனித்தனியே இருந்துவந்த மூன்று மாகாணப் படைகளும் 1895 ஏப்ரலில் ஒரே இந்தியப் படையாயின.

அக்காலத்தில் வைஸ்ராயின் நிர்வாக சபையில் படைக்காக இருவர் பேசினர். ஒருவர் பிரதம தளபதி. போர், பயிற்சி, ஒழுங்கு ஆகியவை அவர் பொறுப்பு. மற்றவர் இராணுவ அங்கத்தினர். நிர்வாகமும் செலவும் அவர் கையில். தளபதி ஒன்றை வேண்டுமென்று எழுதினால், அது இராணுவ அங்கத்தினரின் மேசை வழியாகவே வைஸ்ராயை அடையும். அவர் ஓரத்தில் தம் குறிப்பை எழுதுவார். சில வேளை வேண்டாம் என்றும் எழுதுவார்.

1902-இன் இறுதியில் பிரதம தளபதியாக வந்து சேர்ந்தார் கிச்சனர் பிரபு. சூடானையும் தென்னாப்பிரிக்காவையும் வென்ற புகழோடு வந்தவர். தம்மினும் பதவியிற் குறைந்த ஒரு மேஜர் ஜெனரல், தம் யோசனைகளின்மேல் குறிப்பெழுதித் திருப்புவதா என்று அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த மேஜர் ஜெனரல் சர் எட்மண்ட் எல்லிஸ். அவருடைய இலாகாவையே எடுத்துவிட வேண்டும் என்று கிச்சனர் பிடிவாதம் பிடித்தார். வைஸ்ராய் கர்ஸன் பிரபு மறுத்தார். படைத்தலைவன் சொல்வதைச் சரிபார்க்க அரசாங்கத்துக்கு இரண்டாவது இராணுவ ஆலோசனை ஒன்று வேண்டும், இல்லையேல் எல்லா அதிகாரமும் ஒருவர் கையிற் குவிந்துவிடும் என்பது கர்ஸனின் வாதம். வங்காளத்தைக் கூறுபோட்ட அந்தப் பிரபுவைப் புகழ நமக்கு மனமில்லைதான். ஆயினும் இவ்வொரு விஷயத்தில் அவர் பக்கமே நியாயம் இருந்ததாகக் கருதுகிறோம். செலவுச் சீட்டை எழுதுபவரே அதை அனுமதிப்பவராகவும் இருக்கலாகாது என்பது எந்த ரெயில் நிலையத்துக் கணக்கரும் அறிந்த பாடம்.

இலண்டனிலிருந்த இந்தியா மந்திரி பிராட்ரிக், சமரசம் என்ற பெயரில் கிச்சனருக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். இராணுவ அங்கத்தினரின் இடத்தில், வெறும் தளவாடங்களைக் கவனிக்கும் ஓர் அங்கத்தினர் போதும் என்றார். அப்பதவிக்குக் கர்ஸன் சொன்னவரையும் அவர் ஏற்கவில்லை. 1905 ஆகஸ்டில் கர்ஸன் ராஜிநாமாச் செய்தார். 1906 மார்ச்சில் பழைய இராணுவ இலாகா கலைக்கப்பட்டது. படை இலாகா, தளவாட இலாகா என்று இரண்டு தோன்றின. 1909 ஏப்ரலில் தளவாட இலாகாவும் மறைந்து, யாவும் படை இலாகாவில் அடங்கின. கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரேயாயினர்.

விலை பத்தாண்டுகளில் வந்தது. முதல் உலக யுத்தத்தில் மெசப்பொடேமியாவுக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படை டைக்ரிஸ் நதிக்கரையில் குட் என்னும் ஊரிற் சிக்கிக்கொண்டது. 147 நாள் முற்றுகைக்குப் பின், 1916 ஏப்ரல் 29 அன்று ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். பலர் சிறையிலேயே மாண்டனர். அதற்கு முன்னரே, காயமுற்றோரை ஏற்றிச் செல்ல மருத்துவக் கப்பல்கள் போதாமல், வில்லில்லாத கட்டை வண்டிகளில் கிடத்திக் கரடுமுரடான நிலத்தில் இழுத்துச் சென்ற கொடுமையும் நடந்திருந்தது. விசாரித்த கமிஷன் 1917-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பிரதம தளபதி வேலையையும் இராணுவ அங்கத்தினர் வேலையையும் யுத்த காலத்தில் ஒரு மனிதரால் செய்ய இயலாது என்று அது தெளிவாகக் கூறிற்று. அப்போதைய தளபதி பீச்சம் டஃப் கோப்புகளின் நடுவே சிம்லாவிலும் டில்லியிலும் அமர்ந்திருந்தார், போர்முனைக்குப் போகவில்லை. இலண்டனில் இந்தியா மந்திரி ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலகினார். எனினும் ஏற்பாடு மாறவில்லை. அதிகாரத்தை ஒருவர் கையிற் கொடுப்பது எளிது. திருப்பி வாங்குவது அவ்வளவு எளிதன்று போலும்.

1938 ஜனவரியில் படை இலாகா ‘பாதுகாப்பு இலாகா’ என்று பெயர் மாறிற்று. பெயர் மாறியதே தவிர, நாற்காலியில் அதே பிரதம தளபதிதான்.

1942-இல் கிரிப்ஸ் துரை வந்தார். அவருடைய தூது முறிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. பாதுகாப்புப் பொறுப்பை இந்தியரிடம் கொடுப்பதா என்பது அவற்றுள் தலையாயது. யுத்தப் பொறுப்பு தளபதியிடமே இருக்கும், இந்தியர் ஒருவருக்குப் பாதுகாப்பு அங்கத்தினர் என்ற பெயர் தரப்படும் என்றார்கள். அவருக்கு ஒதுக்க முன்வந்த விஷயங்களின் பட்டியலை நேயர்கள் கேட்க வேண்டும்: விளம்பரத் தொடர்பு, யுத்தம் முடிந்தபின் படைகளைக் கலைத்தல், பெட்ரோல், சிப்பாய்களின் வசதிகள், கான்டீன்கள், வெளிநாட்டுத் தூதுக் குழுக்களுக்கு வரவேற்பும் தங்குமிடமும், பிறகு படைக்கு வேண்டிய எழுதுபொருள்களும் அச்சு நமூனாக்களும்! பகைவன் பர்மாவுக்குள் புகுந்திருந்த வேளையில், நாற்பது கோடி மக்களின் பிரதிநிதிக்கு நமூனா அச்சடிக்கும் அதிகாரம். காங்கிரஸ் ஏற்கவில்லை என்பதில் வியப்பில்லை. அந்த இளைஞரின் வாரண்டும் ஒரு நமூனாதானே என்று எண்ணிச் சற்றே சிரித்தோம், சிரிப்பு நிலைக்கவில்லை.

1946 செப்டம்பர் 2 அன்று இடைக்கால அரசாங்கம் பதவியேற்றபோதுதான் அந்த நாற்காலி கை மாறிற்று. சர்தார் பல்தேவ் சிங் பாதுகாப்பு அங்கத்தினரானார். 1947 ஆகஸ்டில் அமைச்சகம் என்ற பெயரோடு அதன் முதல் அமைச்சருமானார். தரை, கடல், வானம் மூன்றுக்கும் தனித்தனித் தளபதிகள் ஏற்பட்டனர். வைஸ்ராய்க்கு அடுத்தபடியாக வாழ்ந்த பிரதம தளபதியின் மாளிகையிலே 1948-இல் பிரதமர் நேரு குடிபுகுந்தார். நம் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துச் செல்கிறோமே, அந்தத் தீன்மூர்த்தி மாளிகைதான் அது. படைத் தலைமையின் வீட்டை மக்களின் பிரதிநிதி எடுத்துக்கொண்டதை எந்தச் சட்டத்தினும் தெளிவான அறிவிப்பாக நாம் கொள்கிறோம். சட்டமும் பின்னால் வந்தது: 1955-இல் பிரதம தளபதி என்ற பட்டமே எடுபட்டு, மூவரும் படைகளின் தலைமை அதிகாரிகளாயினர்.

இடையே நம்மவர் ஒருவரைக் குறிப்பிடாமற் செல்ல முடியாது. தஞ்சை மாவட்டத்திற் பிறந்த என். கோபாலசாமி ஐயங்கார் 1948 முதல் 1952 வரை ரெயில்வே அமைச்சர்; தனித்தனியே இருந்த ரெயில்வேக்களை மண்டலங்களாக இணைத்து, 1951 ஏப்ரல் 14 அன்று தென்னக ரெயில்வேயைத் தோற்றுவித்தது அவர் காலத்தில்தான். 1952-இல் பாதுகாப்பு அமைச்சரானார். 1953 பிப்ரவரியில் அப்பதவியிலேயே காலமானார். பின்னாளில் சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்டராமன், நிர்மலா சீதாராமன் ஆகியோரும் அங்கே அமர்ந்தனர். ஏவுகணைகளை ஒருங்கே உருவாக்கும் திட்டத்துக்கு 1983-இல் அனுமதி கிடைத்தபோது அமைச்சர் வெங்கட்டராமன். திட்டத்தை நடத்தியவர் இராமேசுவரத்து அப்துல் கலாம்.

1962-ஐப் பற்றி எழுதக் கை கூசுகிறது. கிருஷ்ண மேனன் 1957-இல் அமைச்சரானார். ஆவடித் தொழிற்சாலை போன்றவற்றுக்கு அவர் காலத்தில் வித்திடப்பட்டது. அங்கே 1965-இல் விஜயந்தா டாங்கி உருவாயிற்று. அந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் தளபதிகளுக்கும் அவருக்கும் இடையே நம்பிக்கை இல்லை. 1959 ஆகஸ்டு 31 அன்று ஜெனரல் திம்மய்யா ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். நேரு வேண்டியதன்மேல் திரும்பப் பெற்றார். குட் நகரில் கேட்பவரே கொடுப்பவராக இருந்ததால் கேடு விளைந்தது. இங்கோ நேர்மாறு: கொடுப்பவர் இருந்தார், கேட்பவரின் சொல் அவர் செவியில் ஏறவில்லை. 1962 அக்டோபர் 20 அன்று சீனப்படை தாக்கியபோது, இமயத்தின் குளிரில் பருத்திச் சீருடையும் கான்வாஸ் செருப்புமாக நின்றவர்கள் உண்டு. நவம்பர் 7 அன்று மேனன் அமைச்சரவையை விட்டு விலகினார்.

பின் வந்த சவாண் செய்த முதற்காரியம் எளியது: நாள்தோறும் காலையில் தளபதிகளையும் செயலாளரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். பாதுகாப்பு உற்பத்தி இலாகா 1962 நவம்பரில் தோன்றிற்று. 8,25,000 வீரர் கொண்ட தரைப்படை, 45 விமான அணிகள் என்று இலக்கு வைத்து 1964-இல் ஐந்தாண்டுத் திட்டம் வகுக்கப்பட்டது. 1965-இல் நாடு தாக்குப்பிடித்தமைக்கு அந்தக் காலைக் கூட்டங்களும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

1999-இல் கார்கில் போர் மூண்டது. அதை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். அக்குழுவின் அறிக்கையை ஒட்டி அமைச்சர்கள் குழுவொன்று கூடி, முப்படைகளுக்கும் ஒரு தலைவர் வேண்டுமென்று 2001-இல் கூறிற்று. பதினெட்டாண்டுகள் அந்தக் கோப்பு உறங்கிற்று. 2020 ஜனவரி முதல் தேதி ஜெனரல் பிபின் ராவத் அப்பதவியை ஏற்றார். அமைச்சகத்துக்குள் இராணுவ விவகார இலாகா என்று புதிதாய் ஒன்று ஏற்பட்டு, சீருடையணிந்த அவரே அதன் செயலாளராகவும் ஆனார். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூருக்கு அருகே நேர்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் அவர் மாண்டதை நீலகிரிப் பக்கத்து நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

சீருடையணிந்தவரிடம் செயலாளரின் பேனாவும் சேர்ந்தது நன்மையா என்று நம்மைக் கேட்டால், பாதி நன்மை என்போம். வேண்டுவது இன்னதென்று அறிந்தவர் கோப்பின் அருகிலேயே இருக்கிறார். அது 1962-இல் இல்லாத குறை. ஆனால் செலவைச் சரிபார்க்கும் கை வேறாகவே இருக்கவேண்டும். தேசப் பாதுகாப்புக்கான பொறுப்பு இன்றும் பாதுகாப்புச் செயலாளரிடமே வைக்கப்பட்டிருக்கிறது. நிதி ஆலோசகரும் இருக்கிறார். அந்த மட்டில் கர்ஸன் பிரபுவுக்கு நிம்மதி.

நம் சங்கத்தின் மூத்த அங்கத்தினர் பலர், சென்னையிலிருந்து இளவயதில் டில்லிக்கு வந்து, இரெய்சினாக் குன்றின் தெற்குச் செயலகத்தில் இந்த அமைச்சகத்தின் கோப்புகளுக்கிடையே தலை நரைத்தவர்கள். 1962-இன் அந்த நவம்பரில் இரவு பகலாக விளக்கணையாமல் வேலை செய்தோரும் அவர்களிடையே உண்டு. அவர்களோ, அவர்கள் பிள்ளைகளோ நினைவிலுள்ளவற்றை எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் இப்பக்கத்தை அவற்றுக்கே விட்டுக்கொடுப்போம். பிழை கண்டாலும் எழுதலாம்.