பெட்டியின் எண்ணா, அறையின் வெளிச்சமா?

எஸ்.பி.எம். தேர்வை முடித்த பிள்ளைகள் வீட்டில் வைக்கும் கோரிக்கைகளில் விளையாட்டுத் திரையும் ஒன்றாகிவிட்டது. சிகாமட்டில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மேலாண்மை, தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கிளையில் சேர்ந்து வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கும் அந்த ஆசை உண்டு. ஆசையில் தவறில்லை. 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கமே வழங்கப்பட்டது. விளையாடும் அதே திரையில்தான் இடுபணியும் செய்கிறோம்.

கடைக்குப் போனதும்தான் குழப்பம் தொடங்குகிறது. பெட்டியின் மேல் 250, 400, 600, 1000 என்று திரையின் வெளிச்சத்தைக் குறிக்கும் எண்கள். எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. நமக்கு எவ்வளவு போதும்?

திரையின் வெளிச்சத்தை ‘நிட்’ என்ற அலகால் அளக்கிறார்கள். நாம் இருக்கும் இடத்தில் விழும் வெளிச்சத்துக்கு ‘லக்ஸ்’ என்ற அலகு. இரண்டையும் இணைத்துப் பார்க்க மேசையில் இருக்கும் வெள்ளைத் தாளே போதும். நன்கு விளக்கு எரியும் படிப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். அதில் வெள்ளைத் தாள் ஏறக்குறைய 75 முதல் 130 நிட் அளவில் தெரியும். திரையும் அந்த அளவில் இருந்தால் கண்ணுக்கு இதம். பகலில் 1,000 லக்ஸ் விழும் சன்னலோர மேசையில் அதே தாள் 250 நிட்டைத் தொடும். சாதாரணத் திரைகள் பலவும் 250 முதல் 350 நிட் வரை தருகின்றன. ஆகவே இரவு, பகல் இரண்டுக்கும் அவையே போதும்.

சிகாமட்டின் பிற்பகல் வெயில் மேற்குச் சன்னல் வழியாக நேரே திரையில் விழுந்தால் என்ன செய்வது? நேர் வெயிலில் கிடக்கும் தாள் 10,000 நிட்டையும் தாண்டும். 1000 நிட் திரையாலும் அதனோடு போட்டி போட முடியாது. சன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்பிப் போடுங்கள். திரைச்சீலை ஒன்றை மாட்டுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் அதிகம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிட் இரட்டிப்பானால் கண்ணுக்கு வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியாது. 250இலிருந்து 500க்குப் போனால் கால் பங்கு கூடியதாகத்தான் தோன்றும். இரு மடங்கு எண்ணுக்குக் கொடுக்கும் பணம் கண்ணுக்கு முழுதாக வந்து சேர்வதில்லை.

வெற்றிக்கு அதிக வெளிச்சம் வேண்டும் என்பதும் சரியல்ல. கவுண்டர் ஸ்டிரைக் போட்டியாளர்கள் பலர் பயன்படுத்தும் பென்க்யூ ஸோவி எக்ஸ்எல்2546கே திரை நொடிக்கு 240 முறை காட்சியைப் புதுப்பிக்கிறது. அதன் வெளிச்சமோ 320 நிட்தான். இருண்ட மூலையில் ஒளிந்திருக்கும் எதிராளியைக் காணவும் வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றத் தேவையில்லை; ஏற்றினால் கறுப்பு வெளிறி, காட்சி சாம்பல் பூத்துப் போகும். விளையாட்டின் அமைப்புப் பகுதியில் உள்ள காமா அளவைச் சரிசெய்தால் போதும்.

அப்படியானால் 1000 நிட் வெறும் ஏமாற்றா? இல்லை. எச்.டி.ஆர். காட்சிகளில் சூரியன், தீப்பொறி போன்றவை மட்டும் பளிச்சிட அந்த உச்சம் தேவை. முழுத் திரையும் எந்நேரமும் அப்படி எரியும் என்று பொருளல்ல. பிரகாசமான பகுதிக்கு அருகிலேயே கறுப்பைக் கறுப்பாகக் காட்டவும் திரைக்குத் தெரிய வேண்டும். அந்த வசதி இல்லாத திரையில் எச்.டி.ஆர். என்ற முத்திரை மட்டும் இருந்து பெரிய பயனில்லை.

இரவைப் பற்றியும் ஒரு சொல். விளக்கை அணைத்துவிட்டுத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து விளையாடும் பழக்கம் பலருக்கும் உண்டு. இருட்டில் அந்த வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும். உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பையும் தாமதப்படுத்தும். விடியும் முன்பே எழுந்து பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய மாணவனுக்கு இது எத்தனை பெரிய இழப்பு! அறையில் சிறு விளக்கு ஒன்று எரியட்டும். திரை 100 நிட் அளவுக்கு இறங்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை 20 நொடிகள் பாருங்கள்.

நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். உயர்ரக எச்.டி.ஆர். திரைகள் பல அந்தத் தொகையைத் தாண்டுகின்றன. பெற்றோரின் ஒரு மாத உழைப்பையோ பி.டி.பி.டி.என். கடனின் முதல் தவணையையோ கடையில் கொடுக்குமுன் யோசிக்க வேண்டாமா? அந்தக் கடனைத் திருப்பிக் கட்டப் போவதும் நீங்கள்தான்.

மாணவர்களே, இன்றிரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களிடம் இருக்கும் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அருகில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். குறைக்க முடிகிறது என்றால், புதிய திரையை வெளிச்சத்துக்காக வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.