இத்தாலி திராட்சையைச் சாய்த்த அடிச்சாம்பல் நோய்

திராட்சை விவசாயிகளே, ஒயின் உற்பத்தியில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த இத்தாலியில், 2023-ல் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட சுமார் 23 சதவீதம் சரிந்தது, பிரான்ஸ் முந்தியது. மே, ஜூன் மாதத் தொடர்மழையில் பரவிய அடிச்சாம்பல் நோயே முக்கியக் காரணம். அப்ருஸ்ஸோ, மோலிசே பகுதிகளில் பாதிப்பு கடுமை.

இயற்கை முறைத் தோட்டங்களுக்கு இழப்பு அதிகம். அவர்கள் நம்பிய தாமிர மருந்து இலையின் மேல் படிந்து நின்றுதான் காக்கும். மழை அதைக் கழுவிவிடும். ஈர மண்ணில் டிராக்டர் இறங்காததால் மறுதெளிப்பும் தாமதமானது. நோய் உள்ளே புகுந்தபின் தாமிரம் குணப்படுத்தாது.

கம்பம் பள்ளத்தாக்கிலும் இதே நோய் உண்டு. கவாத்துக்குப் பின் தளிர் விடும்போது, மழைக்கு முன்பே 1 சத போர்டோ கலவையை இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். நெருக்கமான தளிர்களை நீக்கிக் காற்றோட்டம் கொடுங்கள். மழை விட்டதும் இலைகளைத் திருப்பிப் பாருங்கள்.