விடத்தல்தீவுச் சேற்றின் கணக்கை யார் பார்ப்பது?

மன்னார் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டேயரை விடுவிக்கும் வர்த்தமானி 2024 மே மாதம் வெளியானது. நீரியல் வளர்ப்புக்கு என்றார்கள். சனத்தின் பேச்சில் அது இறால் பண்ணை. சுற்றாடல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அந்த ஆண்டே உயர் நீதிமன்றம் வர்த்தமானியை இடைக்காலமாக நிறுத்தியது. பறவைகளைப் பற்றியும் கண்டல் மரங்களைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. சேற்றுக்குள் இருப்பவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

கண்டல் இலை தண்ணீரில் விழுந்ததும் மீனுக்கு உணவாகிவிடுவதில்லை. முதலில் பற்றீரியாக்களும் பூஞ்சைகளும் அதில் படர்ந்து அரிக்கின்றன. அப்படி அழுகிய துணுக்குகளைத்தான் நண்டும் இறால் குஞ்சும் தின்கின்றன, அவற்றை மீன் தின்கிறது. ஒரு மில்லிலீற்றர் கடல்நீரிலேயே ஏறத்தாழ பத்து இலட்சம் பற்றீரியாக்கள் இருக்கும். சேற்றில் அதைவிடப் பன்மடங்கு. களங்கண்டியில் விழும் இறாலின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இந்த நுண்ணுயிர்கள் அளவுமீறிப் பெருகினால் கதை மாறும். பண்ணைக் குளத்தின் மிச்சத் தீனும் கழிவும் களப்பில் சேர்ந்தால், அவற்றை உண்டு பெருகும் உயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனை முடித்துவிடும். ஒட்சிசன் போனால் என்ன நடக்கும் என்பதை அக்கரை பார்த்திருக்கிறது. 2019 செப்டெம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. நொக்டிலூகா என்ற ஒற்றைக்கல உயிர் பெருகியதே காரணம். அதற்குப் பண்ணைகள்தான் வழிவிட்டன என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அங்கே பவளப்பாறைகள் இறந்ததையும் ஒட்சிசன் குறைந்ததையும் தூத்துக்குடி ஆய்வாளர்கள் அளந்து எழுதிவைத்தார்கள். மண்டபத்தில் 1940களிலிருந்தே கடல் ஆய்வு நடக்கிறது. எங்களுடைய கரையிலோ மீன்பிடிக்கப் போவதற்கே தடை இருந்த காலத்தில் தண்ணீரை யார் அளப்பது?

இறால் பண்ணைக்குப் பாடம் தேடி இந்தியாவுக்குப் போகவும் வேண்டாம். சிலாபம், புத்தளம் கரையில் பண்ணைகள் நெருக்கமாக அமைந்தன. பல பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து நீரெடுத்து, கழிவையும் அதற்குள்ளேயே விட்டன. ஒரு குளத்தின் நோய் அடுத்த குளத்துக்குப் போக அந்த நீரே போதும். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ்தான். பல குளங்கள் கைவிடப்பட்டன. கைவிட்ட குளத்தில் கண்டல் தானாக முளைத்துவிடாது.

இதனால் ஒதுக்கம் என்ற பெயரைச் சனம் விரும்புகிறது என்று எண்ணிவிடக் கூடாது. இடம்பெயர்ந்து திரும்பியவர்களுக்குத் திணைக்களத்தின் எல்லைக்கல்லும் ஒரு தடைதான். பண்ணை வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று நினைக்கும் தாயைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் வேலைக் கணக்குச் சொல்பவர்கள் தண்ணீரின் கணக்கையும் காட்ட வேண்டும். சோளகமும் வாடையும் உட்பட ஒரு முழு வருடம் விடத்தல்தீவுக் களப்பின் ஒட்சிசன், நைதரசன், நுண்ணுயிர் அளவுகளைப் பதிவுசெய்து, கடற்றொழிலாளர் சங்கங்களின் கையில் தமிழில் கொடுக்கட்டும். 168 ஹெக்டேயரைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.